வீட்டறையில் விளையும் ஆடலிசை

ஆடுவதற்கென்றே அமைந்த இசையைத் தனி மனிதர் ஒருவர் தம் வீட்டின் ஓர் அறையில் அமர்ந்து, வாத்தியக்காரர் எவரையும் அழையாமல், இசைத்தட்டுக் கம்பெனி எதையும் அண்டாமல், கணினி ஒன்றையே கருவியாகக் கொண்டு ஆக்கிவிட இயலுமா என்ற கேள்விக்கு, இயலும் என்ற விடை உலகத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக வழங்கி வருகிறது. ஆனால் அந்த விடை எந்த நகரங்களில், எவ்வகை அறைகளில், எந்த ஜனங்களின் கால்களை நம்பிப் பிறந்ததோ, அந்த நகரங்களும் அறைகளும் கால்களும் வேறு. பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், பட்டர்வொர்த்துக்கும் புக்கிட் மெர்தாஜாமுக்கும் நடுவே, ரயில் பாதையும் நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டைகளும் சூழ்ந்து கிடக்கும் புக்கிட் தெங்கா போன்ற ஓர் ஊரில், தமிழ் இளைஞர் ஒருவர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அதே முயற்சியில் இறங்கும்போது, அவருக்கு உண்மையில் துணை நிற்பவை எவை, தடையாக நிற்பவை எவை என்பதைச் சற்று நிதானமாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊரின் சரித்திரத்தை நினைவு கூர்வது விஷயத்துக்குப் புறம்பாகாது. வெல்லெஸ்லி மாகாணம் என்று பெயர் பெற்றிருந்த காலத்தில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டில், இந்தப் பெருநிலத்தின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராக வந்தவர்கள் பலர். கரும்பு போய் ரப்பர் வந்து, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, பிறகு தோட்டங்களே துண்டுபட்டுத் தாமான் எனப்படும் குடியிருப்புகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்ட பின்னர், அவர்களுடைய சந்ததியாரில் பெரும்பாலோர் வரிசை வீடுகளில் குடியேறி ஆலை வேலைக்குச் செல்பவர்களாயினர். பினாங்குத் தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் 1972இல் இன்டெல் கம்பெனி அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை நிறுவியது. அதே காலத்தில் வந்திறங்கிய முன்னோடிக் கம்பெனிகளுள் கார் வானொலிக்குப் பெயர் பெற்ற கிளாரியனும் ஒன்று. கணினியின் மூளையாகிய சில்லுகளைக் கைகளால் பொருத்தியும் சோதித்தும் பெட்டியில் அடைத்தும் அனுப்பிய பெண்கள் பலருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று அந்தச் சில்லுகளைக் கொண்டு இசை செய்ய அமர்கிறார்கள். மின்னணு யந்திரம் என்பது இவ்வட்டாரத்தாருக்கு அந்நிய அதிசயம் அன்று. குடும்பத்தின் ஜீவனோபாயமாக இருந்த பொருள்.

ஆலைக்கும் ஆடலிசைக்கும் இடையே தொடர்பை நான் வலிந்து கற்பிப்பதாக யாரும் எண்ண வேண்டாம். மின்னணு ஆடலிசையின் இரண்டு பிறப்பிடங்களாகக் கருதப்படும் சிக்காகோவும் டெட்ராய்ட்டும் தொழிற்சாலை நகரங்களே. சிக்காகோவில் வேர்ஹவுஸ் என்னும் நடன விடுதியில் 1977 முதல் இசைத்தட்டுகளைப் பிணைத்து ஒலித்துவந்த பிராங்கி நக்கிள்ஸின் வழியே ஹௌஸ் இசை தோன்றிற்று. மோட்டார்க் கார்த் தொழில் சரியத் தொடங்கிய டெட்ராய்ட்டின் புறத்தே பெல்வில் என்னும் சிற்றூரில் ஒரே பள்ளியில் பயின்ற ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் என்னும் கறுப்பின இளைஞர் மூவர் டெக்னோ என்னும் மரபுக்கு அடிகோலினர். இவர்களில் எவருக்கும் பெரிய ஒலிப்பதிவுக்கூடம் வாய்க்கவில்லை. ஜப்பானிய ரோலண்ட் கம்பெனி 1980இல் வெளியிட்ட டிஆர்-808 என்னும் தாள யந்திரமும், அதற்குப் பின் வந்த டிபி-303 என்னும் பேஸ் யந்திரமும் தத்தம் உத்தேசத்தில் தோல்வியுற்றவை. தனியாகப் பாடுகிற கிட்டார்க்காரருக்குப் பக்கவாத்தியமாகட்டும் என்று செய்யப்பட்ட 303, பேஸ் கிட்டாரைப் போல ஒலிக்காமையால் வாங்குவாரின்றி 1984இல் உற்பத்தியே நின்றுபோயிற்று. அதனால்தான் அது பழைய பொருள் கடைகளில் மலிந்து ஏழை இளைஞர் கைக்கு வந்தது. பியூச்சர் என்னும் சிக்காகோக் குழுவினர் அதன் திருகுகளை மனம்போனபடி திருப்பிச் செய்த ‘ஆசிட் டிராக்ஸ்’ 1987இல் வெளிவந்து ஒரு புதிய இசைவகைக்கே தோற்றுவாயாயிற்று. பணக்காரர் கைவிட்ட யந்திரத்தை வறியவர் பிறிதொரு காரியத்துக்குப் பிரயோகித்ததே இந்தக் கலையின் ஆதி சரித்திரம் என்பதை, விலையுயர்ந்த சாதனம் இல்லையே என்று ஏங்குகிறவர்கள் ஞாபகத்தில் வைப்பது நன்று.

இந்தச் சரித்திரத்தில் இந்தியாவுக்கு இடமில்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். அது பிழை. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969இல் அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் மூக் என்னும் மின்னிசை யந்திரத்தை அமைத்துக் கொடுக்க, அங்கே இந்தியர் சிலர் சில ஆண்டுகள் சோதனை இசை செய்தனர். பேழையில் உறங்கிய அந்த ஒலிநாடாக்கள் அண்மைக்காலத்திலேதான் வெளியுலகுக்கு வந்தன. அதைவிட நம் பொருளுக்கு நெருங்கியது சரண்ஜித் சிங் என்பவரின் விருத்தாந்தம். பம்பாய் சினிமா வாத்தியக் குழுக்களில் வாசித்துப் பிழைத்த அவர், 808, 303 ஆகிய அந்த இரண்டு யந்திரங்களையும் ஜூபிடர்-8 என்னும் மற்றொன்றையும் வாங்கி, பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் அமைத்து 1982இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். சிக்காகோக்காரரின் ‘ஆசிட் டிராக்ஸ்’ வெளிவருவதற்கு ஐந்து ஆண்டுகள் முந்தியது அது. பூபாளி, மால்கௌன்ஸ், யமன் என்று அவர் எடுத்துக்கொண்ட ராகங்கள் நாம் மோகனம், ஹிந்தோளம், கல்யாணி என்று அறிந்தவையே. அக்காலத்தில் அதை வாங்குவார் இல்லை. 2010இல் மறுபதிப்பான பிறகே உலகம் வியந்தது. அவர் 2015இல் காலமானார். அந்தத் தட்டு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இளமையாக ஒலிப்பதற்குக் காரணம் என்ன என்று ஆராய்ந்தால் இரண்டு விஷயங்கள் தோன்றும். ஒன்று, 303 யந்திரம் ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்குத் துள்ளாமல் வழுக்கிச் செல்ல வல்லது. கமகத்தில் ஊறிய காதுக்கு அது பழகிய நடை. மற்றொன்று, நம் இசையில் சுருதி அசையாது நிற்க ராகம் அதன்மேல் உலவுவதுபோல், இவ்வகை ஆடலிசையிலும் ஸ்வரக்கோவைகள் மாறிக்கொண்டே இராமல் ஒரே ஆதாரத்தின்மேல் நெடுநேரம் நிற்கின்றன. மேல்நாட்டுப் பாட்டுக்கு இல்லாத ஒரு பொருத்தம் நம் சங்கீதத்துக்கும் இந்த யந்திர இசைக்கும் இயல்பாகவே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

தமிழில் யந்திர இசை சினிமாவின் வழியாக வந்தது. வெவ்வேறு கம்பெனிகளின் இசை யந்திரங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கென்று 1983இல் மிடி என்னும் பொது ஏற்பாடு தோன்றிற்று. மூன்றே ஆண்டுகளில், 1986இல், ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா அதனைப் பயன்படுத்திவிட்டார். ஏ.ஆர். ரஹ்மான் 1989இல் சென்னையில் தம் வீட்டுப் பின்புறத்திலேயே பஞ்சதன் என்னும் ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்ததும், அங்கே நள்ளிரவுகளில் உருவான ‘ரோஜா’வின் இசை 1992இல் தமிழ்நாட்டின் செவியையே மாற்றியதும் எல்லோரும் அறிந்தவை. வீட்டில் இருந்தபடியே இசை செய்யும் முறைக்குத் தமிழில் கிடைத்த மகத்தான அத்தாட்சி அது. எனினும் அதைச் சுயேச்சைக் கலைஞரின் முன்மாதிரி என்று கூறுவதற்கில்லை. விளம்பரப் படங்களும் பிறகு சினிமாவும் அந்த அறைக்கு வேலை கொடுத்தன. படத்தயாரிப்பாளர் இல்லாமல் அந்தப் பாட்டுகள் ஜனங்களிடம் போய்ச் சேர்ந்திரா.

சினிமாவின் உதவியில்லாமல், கம்பெனியின் ஆதரவும் இல்லாமல், தனித்து நின்று ஆடலிசை செய்து உலகத்தின் கவனத்தைக் கவர்ந்த தமிழர் என்று தேடினால் நாம் லண்டனுக்குத்தான் போக வேண்டும். ஈழத்தில் இளமையைக் கழித்து அகதியாக இங்கிலாந்து சேர்ந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்னும் பெயரில் புகழ்பெற்றவர், சங்கீதப் பயிற்சி இல்லாதவர். படித்தது சித்திரமும் திரைப்படமும். இரவலாகக் கிடைத்த ரோலண்ட் எம்சி-505 என்னும் ஒரே பெட்டியைத் தட்டித் தட்டி அவர் கற்றுக்கொண்டதிலிருந்து பிறந்த ‘கலாங்’ 2003இல் ஒரு சிறு நிறுவனத்தின் வாயிலாகச் சில நூறு பிரதிகளே அச்சாயிற்று. அவ்வளவில் அடங்காமல் அது வலைவெளியிலும் விடுதிகளிலும் பரவி, 2005இல் தந்தை பெயரைத் தாங்கிய ‘அருளர்’ என்னும் இசைத்தொகுப்பு வெளிவர வழி செய்தது. நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது அதற்கு அடுத்த தொகுப்பை. தாயின் பெயரால் 2007இல் வந்த ‘கலா’வுக்காக அவர் சென்னைக்கு வந்து உறுமி மேளத்தைப் பதிவு செய்தார், ‘பேர்ட் ஃப்ளூ’ என்ற பாட்டில் அந்த மேளமே ராஜ்யம் செய்கிறது. லண்டனில் இருந்தவர் உறுமியைத் தேடிக் கடல் கடந்து வந்தார். புக்கிட் தெங்காவில் இருப்பவருக்கு அந்தச் சிரமம் இல்லை; அவர் தெருவிலேயே அது ஒலிக்கிறது. ஆனால் அவருடைய கணினியில் ஒலிப்பது பெரும்பாலும் ஐரோப்பியர் தொகுத்து விற்கும் ஆயத்த ஒலித்துணுக்குகளே.

மலேசியத் தமிழிசையின் பொது வரலாற்றை இங்கே விரிக்க வேண்டியதில்லை. பினாங்கிலிருந்து கிளம்பிய லோகநாதன், டேவிட் ஆறுமுகம் சகோதரர்களின் அலிகேட்ஸ் குழு மலாய்ப் பாட்டுலகில் பெற்ற செல்வாக்கும், 2006இல் யோகி பியும் நட்சத்திரா குழுவினரும் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பு தமிழ்நாட்டு இளைஞரையும் ஈர்த்ததும் இந்நாட்டவருக்குப் பெருமை தருபவை. பின்னதில் பெரும் புகழ் பெற்ற ‘மடை திறந்து’ பழைய சினிமாப் பாட்டொன்றின் மீது கட்டப்பட்டது. அந்த வெற்றி ஒரு வழக்கத்தையும் விட்டுச் சென்றது: பழைய படப்பாட்டின் ஓரடியை வெட்டி எடுத்து அடியில் ஒரு தாளத்தைப் போட்டுவிட்டால் பாட்டு முடிந்தது என்ற மனப்பான்மை. வீட்டில் பழகுவதற்கு அது நல்ல பயிற்சி, வெளியிடுவதற்கு அபாயம். ஒரு சினிமாப் பாட்டில் மெட்டுக்கு ஓர் உரிமையும் ஒலிப்பதிவுக்கு மற்றோர் உரிமையும் உண்டு; இரண்டுக்கும் இசைவு வேண்டும். இளையராஜா தம் பாட்டுகளின் உரிமைக்காக நீதிமன்றம் வரை சென்றவர் என்பதை யாவரும் அறிவர். அன்றியும் வலைத்தளங்களின் யந்திரக் காதுகள் சிறு துணுக்கையும் இனம் கண்டுகொள்கின்றன.

இனி, அறைக்குள் நுழைவோம். கருவிகளின் விலையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பெல்ஜியத்தில் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் 1990களின் இறுதியில் பிறந்து இன்று எஃப்எல் ஸ்டூடியோ என்று வழங்கும் மென்பொருளை ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுதும் புதுப்பிப்புக்குப் பணம் கேட்பதில்லை. பெர்லினில் 2001இல் வெளிவந்த ஏபிள்டன் லைவ் மேடைக்கு ஏற்றது. எல்எம்எம்எஸ் போன்றவை முற்றிலும் இலவசம். திருட்டுப் பிரதிக்கு இப்போது நியாயமான சாக்குக் கூட இல்லை.

அறையே பெரிய பிரச்சினை. வரிசை வீட்டின் படுக்கையறை நீளம் பத்தடி, ஏறத்தாழ மூன்று மீட்டர், என்று வைத்துக்கொள்வோம். நம் சீதோஷ்ணத்தில் ஒலி விநாடிக்குச் சுமார் 347 மீட்டர் ஓடுகிறது. எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கிடையே முன்னும் பின்னும் மோதி நிலைகொள்ளும் முதல் அலை, நீளத்தை இருமடங்காக்கி ஒலியின் வேகத்தை அதனால் வகுக்க, விநாடிக்கு 58 அதிர்வு என்று வருகிறது. ஆடலிசையில் ஜனங்களின் நெஞ்சில் இடிக்கும் ‘கிக்’ என்னும் அடியொலியின் உயிர்நாடி ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடையேதான் பெரும்பாலும் அமைகிறது. எந்த ஒலியைத் துல்லியமாகக் கேட்க வேண்டுமோ அதே ஒலியைத்தான் இந்த அறை கோணலாக்கிக் காட்டுகிறது. அந்த அலை சுவரோரங்களில் பருத்தும் அறையின் நடுவில் மெலிந்தும் நிற்கும். இளைஞர் அறையின் நடுவே மேஜையைப் போட்டு உட்காருகிறார், அடியொலி போதவில்லை என்று தோன்றுகிறது, கூட்டுகிறார், இன்னும் போதவில்லை, மறுபடியும் கூட்டுகிறார். அந்தப் பாட்டைக் காரில் போட்டுக் கேட்கும்போது கதவுக் கண்ணாடி அதிர்கிறதே தவிர மெட்டு காதில் விழுவதில்லை. சுவரில் முட்டை அட்டைகளை ஒட்டுவதாலோ மெல்லிய ஸ்பாஞ்சுத் துண்டுகளை அடிப்பதாலோ இக்குறை தீராது. அவை உச்ச ஸ்தாயியின் எதிரொலியைச் சிறிது அடக்குமே அன்றி, ஆறு மீட்டர் நீளமுள்ள அலையை ஓர் அங்குல ஸ்பாஞ்சு என்ன செய்துவிடும்? நாற்காலியை நடுவிலிருந்து அகற்றிச் சுவரிலிருந்து நீளத்தின் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமான தூரத்தில் போடுவது, மூலைகளில் கனத்த பாறைப்பஞ்சுக் கட்டுகளை நிறுத்துவது, துணி நிறைந்த அலமாரியை உள்ளேயே வைத்துக்கொள்வது, நல்ல ஹெட்போனில் ஒத்துப் பார்ப்பது, பல இடங்களில் பல பெட்டிகளில் கேட்டுத் திருத்துவது, இவையே செலவு குறைந்த பரிகாரங்கள்.

அண்டை வீட்டார் விஷயமும் இதனுடன் சேர்ந்தது. இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். அந்தச் சுவர் பேச்சைத் தடுக்கும், அடியொலியைத் தடுக்காது. இரவுப்பணி முடித்துப் பகலில் உறங்குகிற ஆலைத் தொழிலாளி ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்கக்கூடிய ஊர்களில், எந்நேரம் ஸ்பீக்கரைத் திறக்கலாம் என்பது சங்கீத சாஸ்திரத்தைச் சேர்ந்த கேள்வி அன்று, அயலாரோடு வாழும் தர்மத்தைச் சேர்ந்தது. குரலைப் பதிவு செய்ய உட்கார்ந்தாலோ ரயிலும், லாரியும், மாலை மழையும், நிறுத்தினால் வியர்த்துக் கொட்டும் மின்விசிறியும் முறை வைத்துக்கொண்டு குறுக்கிடுகின்றன. மின்னணு ஆடலிசையில் வாய்ப்பாட்டு குறைவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணமோ என்று சில சமயம் எண்ணத் தோன்றுகிறது.

அறையின் கோணலைவிடக் கண்ணுக்குத் தெரியாத வேறொரு கோணல் உண்டு. அதுவே இவ்வாராய்ச்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது. எஃப்எல் ஸ்டூடியோவைத் திறந்தவுடன் திரையில் பதினாறு கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. 808 யந்திரத்தின் முகப்பிலும் பதினாறு பொத்தான்கள் இருந்தன. ஓர் ஆவர்த்தத்துக்கு நான்கு அடி, ஓர் அடிக்கு நான்கு கூறு. நாம் சதுஸ்ர நடை என்பது அது. ஹௌஸ் இசை நிமிஷத்துக்குச் சுமார் 124 அடி வேகத்தில் இந்தச் சதுஸ்ரத்தில் நடக்கிறது. அது சிக்காகோவில் பிறந்த கால்களுக்கு இயற்கை. நம்மவர் கால்களுக்கு இயற்கையானது எது? கிராமத்துத் திருவிழாவிலும், சவ ஊர்வலத்திலும், காவடியின் முன்னும், கலியாண வீட்டுக் குத்தாட்டத்திலும் பெரிதும் ஒலிப்பது திஸ்ர நடை. அடிக்கு மூன்று கூறு, ஆவர்த்தத்துக்குப் பன்னிரண்டு. பதினாறு கட்டத்தில் திஸ்ரம் அடங்காது. மென்பொருளில் அதைப் பன்னிரண்டாக மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது. 808இலேயே அதற்கொரு மாற்றுக்குமிழ் இருந்தது. ஆனால் மாற்றுபவர் குறைவு. யந்திரம் எதை முதலில் காட்டுகிறதோ அதுவே இசையின் இலக்கணம் என்று கற்பவர் நம்பிவிடுகிறார். இதன் பலன், உறுமியின் ஒலியை எங்கிருந்தோ எடுத்துச் சதுஸ்ரக் கட்டத்தில் வெட்டிப் பொருத்திய, ஊமைக்காயம் பட்டதுபோன்ற தாளங்கள்.

உறுமி எத்தகைய வாத்தியம் என்று சிந்திக்க வேண்டும். இடை சிறுத்த உடுக்கை வடிவில் இரண்டு முகம் கொண்டது. ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமச் செய்வார்கள், மறு முகத்தை அடிப்பார்கள். தேய்ப்பில் எழும் அந்த ஓசை கீழிருந்து மேலேறி வழுக்கிச் செல்வது. இன்று உலகமெங்கும் ஆடலிசைக்காரர் 808இன் அடியொலியை இழுத்து வழுக்கவிட்டு எந்தக் கிளர்ச்சியை உண்டாக்குகிறார்களோ, அதை நம் வாத்தியக்காரர் மின்சாரமில்லாமலே தோலிலிருந்து வரவழைக்கிறார். மேலும் உறுமிக் குழு ஒரே வேகத்தில் நில்லாது. சாமியாடுபவரின் நிலைக்கேற்ப மெல்ல மெல்ல ஏறும். கணினி இதையும் செய்யவல்லது; வேகத்தைப் படிப்படியாக ஏற்றும் கோட்டை வரைந்துவிட்டால் போதும். ஆனால் விடுதிகளில் ஒரு தட்டோடு மறு தட்டைப் பிணைப்பதற்கு வேகம் மாறாதிருத்தல் சௌகரியம் என்பதால், அந்தச் சௌகரியமே விதியாகிவிட்டது. விடுதியே இல்லாத ஊரில் இருந்துகொண்டு விடுதியின் விதிக்குக் கட்டுப்படுவானேன்?

ஆடுகிற கூட்டம் எங்கே என்ற கேள்விக்கு இதனால் வந்து சேர்கிறோம். ஆடலிசை ஆடும் கூட்டத்தின் முன்னிலையில்தான் மெய்யாகப் பரீட்சிக்கப்படுகிறது. எந்த இடத்தில் ஜனங்கள் சோர்ந்தனர், எங்கே கைதூக்கினர் என்பதைப் பார்த்துத் திருத்தாத பாட்டு பாதி வெந்தது. சிக்காகோக்காரருக்கு வேர்ஹவுஸ் இருந்தது. பினாங்குத் தமிழருக்கு என்ன இருக்கிறது என்றால், தைப்பூசம் இருக்கிறது என்பேன். தண்ணீர்மலைக் கோயிலை நோக்கி வெள்ளி ரதமும் தங்க ரதமும் காவடிகளும் செல்லும் வழிநெடுக அமைந்த தண்ணீர்ப் பந்தல்களில் ஆளுயர ஒலிபெருக்கிகள் அடுக்கி நிற்பதையும், அவற்றின் முன் இளைஞர் ஆடுவதையும் பார்த்தவர்கள், மின்னணு ஆடலிசைக்கு இந்த மாநிலத்தில் ரசிகர் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கலியாண விருந்துகளும், பிறந்தநாள் விருந்துகளும், தாமான்களில் நடக்கும் தீபாவளி ஒன்றுகூடல்களும் அதே இனத்தைச் சேர்ந்தவை.

ஆட்சேபம் எழும் என்பதை அறிவேன். புனித யாத்திரையில் பாமரக் கூத்து எதற்கு, சினிமாப் பாட்டும் செவிடுபடும் ஓசையும் பக்திக்கு இழுக்கல்லவா என்று ஆண்டுதோறும் பெரியோர் கண்டிக்கின்றனர், கட்டுப்பாடுகளும் விதிக்கப்படுகின்றன. ஓசையின் அளவைக் குறித்து அவர்கள் சொல்வது முற்றிலும் நியாயம். காது கெடுவது பக்தியால் நிற்காது. அன்றியும் மின்னணு ஆடலிசை என்றாலே போதைப் பொருள் என்று பெற்றோர் அஞ்சுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2014 மார்ச்சில் கோலாலம்பூரில் நடந்த ஃபியூச்சர் மியூசிக் ஃபெஸ்டிவல் ஏஷியாவில் பலர் உயிரிழந்து மூன்றாம் நாள் நிகழ்ச்சியே ரத்தானதை நாடு மறக்கவில்லை. ஆனால் உறுமியும் பறையும் முருகன் சந்நிதியின் வாசல்வரை ஒலித்து வந்திருக்க, அவற்றின் தாளத்தையே கணினியில் அமைத்து அருட்பாடல் ஒன்றைச் சேர்த்து ஓர் இளைஞர் கொண்டுவந்தால் அதை மட்டும் கூத்து என்று தள்ளுவது பொருந்தாது. தடுக்க வேண்டியது அளவு மீறிய ஓசையையும் பொருத்தமற்ற பாட்டையும், கருவியை அன்று. கடன் வாங்கிய சினிமாப் பாட்டு ஒலிக்கும் இடத்தில் உள்ளூரார் செய்த புதிய பாட்டு ஒலித்தால், கண்டிப்பவர்களின் குறையில் பாதி தீர்ந்துவிடும் என்றும் நான் கருதுகிறேன்.

வருமானத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அது சுருக்கமானதே. ஸ்பாட்டிஃபை மலேசியாவுக்கு 2013இல் வந்தது. சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு பாட்டை உலகத்து மேடைகளுக்கெல்லாம் அனுப்பிவைக்கும் விநியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். ஆனால் 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையேனும் கேட்கப்படாத பாட்டுக்கு அந்த மேடை ஒரு காசும் கொடுப்பதில்லை. புதிதாகத் தொடங்குவோரில் பலர் இந்த வாசலுக்கு வெளியிலேயே நிற்பார்கள். அந்த மேடையில் முந்திக்கொள்ள ஒலியை இறுக்கி உரக்கச் செய்வதிலும் பயனில்லை. லஃப்ஸ் என்னும் அளவையில் கழித்தல் 14 என்ற மட்டத்துக்கு எல்லாப் பாட்டும் தானே இறக்கப்படுகிறது. உரிமை விஷயத்தில் இந்நாட்டுச் சட்டம் அனுகூலமானது: 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு பாட்டு பதிவான கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது, ஆசிரியரின் ஆயுளோடு மேலும் ஐம்பது ஆண்டு நிற்கிறது, அத்தாட்சி வேண்டுவோர் அறிவுசார் சொத்துக் கழகத்தில் தாமே முன்வந்து அறிவித்துப் பதியும் வசதி 2012 முதல் உண்டு. வானொலியிலும் பொது இடங்களிலும் ஒலிக்கும் பாட்டுகளுக்குக் கட்டணம் வசூலித்துப் பங்கிடும் எம்ஏசிபி என்னும் ஆசிரியர் சங்கமும் இருக்கிறது. மின்னல் எஃப்எம்மிலோ ராகாவிலோ ஒரு பாட்டு ஒலிப்பது, அயல்நாட்டில் முகமறியாதோர் சிலநூறு முறை கேட்பதைவிடக் கையிலும் மதிப்பிலும் அதிகம் தரும். ஆனால் சங்கத்தில் உறுப்பினராகாதவருக்கு அந்தக் கட்டணம் வந்து சேராது. வேலையை விட்டுவிட்டு இதை நம்பலாமா என்று கேட்பவர்களுக்கு என் விடை, இப்போதைக்குக் கூடாது என்பதே. டெட்ராய்ட் மூவரும் உடனே வாழ்ந்துவிடவில்லை. சரண்ஜித் சிங்கும் சினிமாக் குழுக்களிலும் விருந்துகளிலும் வாசித்தே பிழைத்தார்.

எனவே தனித்து இசை செய்வோருக்கு ஒரு வேண்டுகோள்: பதினாறு கட்டத்தை ஒரு பாட்டுக்கேனும் பன்னிரண்டாக்குங்கள், ஆயத்தத் துணுக்கை வாங்கும் பணத்தில் உங்கள் வட்டாரத்து உறுமிக் குழு ஒன்றுக்கு உரிய ஊதியம் கொடுத்து, திறந்த மைதானத்தில் நல்ல மைக் வைத்துப் பதிவு செய்யுங்கள், அவர்கள் பெயரையும் பாட்டில் சேருங்கள். ஆலய நிர்வாகங்களுக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களுக்கும் மற்றொரு வேண்டுகோள்: ஒலிபெருக்கியோடு சும்மா பூட்டிக் கிடக்கும் மண்டபத்தை மாதம் ஒரு மாலை, இரவு பத்து மணிக்குள் முடியும் என்ற நிபந்தனையோடு, இந்தப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள்.